கலை அரசி தரும் பாடம்

வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு வந்தால் நம்மிடம் எதை நாடி வருவார்கள்? பொன்னையா? நீரையா? 1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘கலை அரசி’ என்னும் தமிழ்த் திரைப்படம் இதற்கு வியப்பான விடை தருகிறது. அவர்கள் நம் பாட்டை நாடி வருகிறார்கள்!

ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படத்தில் எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்துள்ளனர். இந்தியாவில் வேற்றுக் கிரகவாசிகளைக் காட்டிய முதற்படங்களுள் இதுவும் ஒன்று. அறிவியலில் மிக உயர்ந்தது ஒரு கிரகம். ஆனால் அங்கே கலைகள் வளரவில்லை. அக்குறையைப் போக்க, தின்னா என்பவன் பறக்கும் தட்டில் வந்து, இனிய குரல் படைத்த வாணியைக் கவர்ந்து செல்கிறான். தின்னாவாக நடித்தவர் எம்.என். நம்பியார். வாணியை நேசிக்கும் உழவன் மோகன் அங்கே சென்று, தன்னைப் போன்ற உருவமுடைய ஒரு கோமாளியின் இடத்தில் இருந்து அவளை மீட்கிறான்.

இன்று அந்தப் பறக்கும் தட்டைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் யூரி ககாரின் விண்வெளி சென்றது 1961இல்தான். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது 1963 நவம்பர் 21இல். படமோ அவ்வாண்டு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. தும்பாவிலிருந்து ராக்கெட் எழுமுன்னே நம் உழவன் விண்ணுலகம் சென்று திரும்பிவிட்டான்!

தின்னாவின் ஆசை தவறன்று. அவன் வழியே தவறு. கலையைக் கேட்டுப் பெறலாம், கவர்ந்து செல்லலாகாது. 1977இல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் விண்கலங்கள், கேசர்பாய் கேர்க்கரின் இந்துஸ்தானிப் பாடலையும் இசைத்தட்டில் சுமந்து சென்றன. யாரும் கேளாமலே, விண்வெளிக்கு மனிதர் அளித்த அன்பளிப்பு அது. அதே ஆண்டு ஸ்பீல்பெர்க் இயக்கிய படம் ஒன்றிலும், வேற்றுக் கிரகத்தாரும் மனிதரும் ஐந்து சுரங்களாலேயே உரையாடுகின்றனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்படம் கண்ட கனவும் இதுவே அன்றோ?

கும்மிடிப்பூண்டியில் வாழும் நாம், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழுவதை மொட்டை மாடியில் நின்று காண்கிறோம். தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்டு எழுகிறோம். அறிவியல் நமக்கு அயலார் அன்று. ஆனால் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் நாம் செய்தது என்ன? தேர்வுக்கு அஞ்சி, பாட்டு வகுப்பைக் கணக்குக்கு விட்டுக்கொடுத்தோம். நம்மை யாரும் வற்புறுத்தவில்லை, நாமே கேட்டோம். இப்படியே போனால் நம் ஊரும் தின்னாவின் கிரகம் ஆகிவிடாதா?

தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனை அவன் தலைவன் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். அறிவும் கலையும் இறைவன் அளித்த இரு கண்கள். தோழியரே, கணக்கையும் நன்கு கற்போம். வாரம் ஒரு மணி நேரமாவது வாய்விட்டுப் பாடுவோம். நாளை விண்ணிலிருந்து ஒருவர் வந்து பாட்டுக் கேட்டால், பாடத் தெரியாது என்று நாம் தலைகுனிய வேண்டாம்!