பந்து வருமுன் பார்க்கிற பிள்ளை

சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு தகப்பன் கேட்டார்: "மாஸ்டர், மகனுக்கு ஒன்பது வயசு. எந்த நேரமும் பந்தோடதான். ரீவியில வாற பெரிய கழகங்களில விளையாடுற பெடியள் எப்பிடி அங்க போய்ச் சேருகினம்? எங்கட பிள்ளையளுக்கு அது சரிவருமோ?"

நல்ல கேள்வி. பல வீடுகளில் இருக்கிற கேள்வியும்கூட. ஆறுதலாக இருந்து பேச வேண்டிய விசயம் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்: விமல் யோகநாதன். 2006 ஜனவரியில் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். பெற்றோர் இலங்கைத் தமிழர். சிறுவயதில் லிவர்பூல் கழகத்தின் அக்கடமியில் பயின்று, பிறகு பார்ன்ஸ்லி கழகத்துக்குப் போய், அங்கே மத்தியகள வீரராக முதல் அணியில் இடம் பிடித்தார். இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் தமிழர் என்று அவரைப் பற்றி எழுதினார்கள். ஆகவே, சரிவருமோ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எப்படிச் சரிவந்தது என்பதுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது.

பார்ன்ஸ்லி என்றால் எங்களில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் தொழில்முறை லீக் நான்கு படிகளால் ஆனது. உச்சியில் பிரிமியர் லீக், அதில் 20 கழகங்கள். அதற்குக் கீழே மூன்று படிகள், படிக்கு 24 கழகங்கள். மொத்தம் 92. பார்ன்ஸ்லி 1887இல் தொடங்கிய கழகம். 1912இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. பிரிமியர் லீக்கில் 1997–98 என்ற ஒரேயொரு பருவம் ஆடியது. 2022இல் மூன்றாம் படிக்கு இறங்கியது. மூன்றாம் படிதானே என்று குறைவாக எண்ணக் கூடாது. அங்கும் சம்பளத்துக்கு விளையாடுகிற முழுநேர வீரர்கள்தான். உச்சிக்குப் போன பலர் இந்தக் கீழ்ப் படிகளில்தான் பெரியவர்களோடு மோதி விளையாடப் பழகினார்கள். டேவிட் பெக்கம் 19 வயதில் மன்செஸ்டர் யுனைட்டட்டிலிருந்து பிரஸ்டன் கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டது 1995இல். அப்போது பிரஸ்டன் நான்காம் படியில் இருந்தது.

இனி வயதுக் கணக்கைப் பாருங்கள். அங்கே கழகங்கள் எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகளைப் பதிவு செய்கின்றன. பிறகு குறித்த காலத்துக்கு ஒருமுறை, வைத்திருப்பதா விடுவதா என்று முடிவெடுக்கின்றன. 16 வயதில் எஞ்சுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிலுநர் இடம் கிடைக்கும். 17 வயதிலிருந்து தொழில்முறை ஒப்பந்தம் எழுதலாம். 18இல் பெரும்பாலானவர்களை விட்டுவிடுவார்கள், ஒரு சிலரே மிஞ்சுவார்கள். லிவர்பூலின் ஸ்டீவன் ஜெரார்ட் ஒன்பது வயதில் அந்தக் கழகத்தில் சேர்ந்தவர். முதல் அணிக்கு ஆடியது 1998இல், 18 வயதில். பிறகு 2015 வரை 710 போட்டிகள். 2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஏ.சி. மிலானிடம் 0–3 எனப் பின்தங்கிய அணியின் தலைவராக முதல் கோலைத் தலையால் அடித்து, கிண்ணத்தையும் தூக்கினார். அந்த இரவை உலகம் பார்த்தது. ஒன்பதிலிருந்து பதினெட்டு வரையான ஒன்பது ஆண்டுகளை யாரும் பார்க்கவில்லை. தொழில் கட்டப்பட்டது அந்த ஆண்டுகளில்தான்.

அந்த ஆண்டுகளில் ஒரு மத்தியகள வீரன் எதைப் பழகுகிறான்? பந்தை உதைப்பதை மட்டும் அல்ல. உயர்தரப் போட்டியொன்றில் மத்தியகள வீரர் 11, 12 கிலோமீற்றர் ஓடுவார். 90 நிமிடத்தில் பந்து அவருடைய காலில் இருப்பது சில நிமிடங்களே. மிச்ச நேரமெல்லாம் பந்தில்லாமல் ஓடுவதும் நிற்பதும் பார்ப்பதும்தான். எல்லைக்கோட்டோரம் ஆடுகிறவருக்கு ஒரு பக்கம் கோடு இருக்கிறது, அங்கிருந்து எதிரி வரமாட்டான். நடுவில் நிற்கிறவருக்கு நாலு பக்கமும் ஆள்.

இதை எங்கள் ஊர் மைதானத்திலேயே பார்க்கலாம். பின்வரிசைப் பெடியன் நடுவில் நிற்பவனுக்குப் பந்தை உருட்டுகிறான். நிற்பவனின் கண் முழுக்கப் பந்தில். நெஞ்சு பந்தை நேராகப் பார்த்தபடி. முன்காலால் நிறுத்துகிறான், பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். அதற்குள் முதுகில் எதிரி ஒட்டிவிட்டான். பந்து போச்சு. கரையில் நிற்பவர்கள் "காலில வேகமில்லை" என்கிறார்கள். பிழை காலில் இல்லை. அதே இடத்தில் பழகிய பிள்ளை, பந்து புறப்படுமுன் ஒருதரம் இடது தோளுக்கு மேலால் பார்ப்பான், பந்து உருளும்போது வலது தோளுக்கு மேலால் இன்னொருதரம். உடம்பைப் பாதி திருப்பி வைத்து, பந்தைத் தன்னைத் தாண்டவிட்டு, தூரக் காலால் எடுப்பான். முதல் தொடுகையிலேயே முகம் எதிரணிக் கோல் பக்கம். சைக்கிளில் ஏ-9 வீதியைக் குறுக்கறுக்கிறவர் திருப்பிய பிறகா பின்னால் பார்க்கிறார்? முன்னரே பார்த்துவிட்டுத்தானே திருப்புகிறார். அதே விதிதான் இங்கும்.

நோர்வே ஆய்வாளர் கெய்ர் ஜோர்டெட் இதையே ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்க்கிற வீரர்களின் பந்துப் பரிமாற்றங்களே அதிகம் சரியாகப் போய்ச் சேர்கின்றன என்று காட்டினார். செல்சியின் பிராங்க் லம்பார்ட் பந்து வருவதற்கு முந்திய பத்து விநாடிக்குள் ஆறு தடவைக்கு மேல் தலையைத் திருப்பியதை எண்ணிக் காட்டினார். இதற்குப் புற்தரையோ விலையுயர்ந்த சப்பாத்தோ தேவையில்லை. பின்னால் நிற்கும் பயிற்றுவிப்பாளர் விரலைக் காட்ட, பந்தை வாங்குமுன் எத்தனை விரல் என்று பிள்ளை சொன்னால் போதும். ஒன்பது வயதில் பழகினால் பழக்கமாகும். பதினெட்டு வயதில் சொல்லிக்கொடுத்தால் கஷ்டம்.

இன்னொன்றும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். அங்கே 16 முதல் 18 வரையான பயிலுநர் காலத்தில் படிப்பைக் கைவிட முடியாது. பயிற்சியும் கல்வியும் சேர்த்தே ஒழுங்கு செய்யப்படுகின்றன. காரணம் எளிது: பெரும்பாலானவர்களுக்கு ஒப்பந்தம் கிடைக்காது என்பது கழகத்துக்கே தெரியும். கிடைத்தவருக்கும் முழங்கால் ஒருநாள் கைவிடலாம். 35 வயதுக்கு மேல் ஆடுகிறவர்கள் மிகச் சிலர். ஆகவே படிப்பா பந்தா என்று பிள்ளையை ஒரு பக்கம் தள்ளுகிற வழக்கம் அங்கே இல்லை. இங்கே பின்னேரம் முழுக்க ரியூசன் வகுப்புக்குப் போய்விடுகிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் நல்ல விளையாட்டுக்காரனும் மைதானத்துப் பக்கம் வருவதில்லை. அங்கே ஒரு பிள்ளை மெருகேறுகிற அதே வயதில் இங்கே ஒரு பிள்ளை நிறுத்தப்படுகிறான்.

எங்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று உதைபந்தாட்டத்தில் ஊறிய ஊர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கின்றன. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் நாடறிந்தவர்கள். விமல் யோகநாதனுக்குக் கிடைத்து, தென்மராட்சிப் பிள்ளைக்குக் கிடைக்காதது ஒன்றுதான்: சிறுவயதில் தொடங்கி இடையில் அறுந்துபோகாத ஒழுங்கான பயிற்சி.

அந்தத் தகப்பனுக்குச் சொன்னதையே எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். பிள்ளை பார்ன்ஸ்லிக்கோ லிவர்பூலுக்கோ போவான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த ஆசையை அவன் தலையில் சுமத்தவும் வேண்டாம். கிழமையில் மூன்று பின்னேரம் ரியூசனிலிருந்து விடுவித்து மைதானத்துக்கு அனுப்புங்கள், பள்ளிப் படிப்பையும் குறையாமல் பாருங்கள். விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெரியவர்களின் சுற்றுப்போட்டிக்கும் கிண்ணத்துக்கும் செலவழிக்கிற காசில் ஒரு பங்கை ஒதுக்கி, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுவிப்பாளரை வையுங்கள். இந்த ஆண்டே வையுங்கள்.