கிராணியைக் கேட்காமல்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் பலருக்குப் பூக்கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் துன் சம்பந்தன் சாலையும் நினைவுக்கு வரும். அதே சாலைகளில் வெண்கோலைத் தட்டியபடி நடந்துபோகிறவர்களையும் நாள்தோறும் காணலாம். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்வையற்றோர் உழைக்கும் உடம்புப்பிடி நிலையங்கள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. கைப்பேசி மனிதர்களின் வாழ்வில் என்ன செய்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் முதலில் இங்கே வர வேண்டும்.

அந்த நிலையங்களில் வாடிக்கையாளர் நீட்டும் பணத்தாள் ஐந்து ரிங்கிட்டா ஐம்பதா என்று விரலால் தடவி, நீள அகலம் பார்த்துத்தான் முன்பெல்லாம் முடிவு செய்ய வேண்டும். ஐயம் வந்தால் கண் தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் உண்மை சொல்வார் என்று நம்பவும் வேண்டும். 2009-இல் ஐபோனில் திரையை வாசித்துக் காட்டும் ‘வாய்ஸ்ஓவர்’ வசதி வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதே வேலையை ‘டாக்பேக்’ செய்கிறது. 2019-இல் ‘டூயிட்நவ்’ கியூஆர் குறியீடு வந்த பிறகு ஒட்டுக்கடை முதல் நகைக்கடை வரை கட்டணத்துக்கான அட்டை தொங்குகிறது. பணம் கணக்கில் சேர்ந்ததும் கைப்பேசிக்கு அறிவிப்பு வரும். அதை ஒரு குரல் காதோரம் படித்துச் சொல்லும். இன்னொருவர் கண்ணை நம்பாமல் தன் கூலியைத் தானே எண்ணிக்கொள்ள முடிவது சிறிய மாற்றமல்ல.

இந்த வசதிக்கும் எல்லை உண்டு. செயலியை உருவாக்குகிறவர் பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்க மறந்தால், வாசிக்கும் குரல் வெறுமனே ‘பட்டன், பட்டன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து உடம்புப்பிடி நிலையங்கள் நெடுநாள் மூடிக் கிடந்தபோது, கையால் பிழைக்கிறவர்களுக்கு எந்தச் செயலியும் மாற்றுத் தொழில் தரவில்லை.

யாரைக் கேட்பது என்பது மலேசியத் தமிழருக்குப் பழைய கவலை. தோட்ட வாழ்க்கையின் காலத்தில் தொலைபேசி என்பது தோட்ட அலுவலகத்தில் இருந்தது. அவசரச் செய்தியானாலும் அங்கிருந்த எழுத்தரான கிராணியைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். 1985-இல் தொலைபேசித் துறை ‘அத்தூர்’ என்ற பெயரில் நாட்டின் முதல் நடமாடும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது அது வசதி படைத்தவர்களின் பொருளாகவே இருந்தது. 1990-களின் நடுவில் மின்னிலக்கச் சேவைகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. அவற்றுள் ஒன்றான மேக்சிஸின் உரிமையாளர் ஆனந்தகிருஷ்ணன் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 2006-இல் தமிழ்நாட்டின் ஏர்செல் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியதும் அதே மேக்சிஸ்தான். 2024 நவம்பரில் அவர் காலமானார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் குடியிருப்புகளுக்கு மக்கள் இடம்பெயர்ந்த காலமும் முன்கட்டணச் சிம் அட்டை மலிந்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். தோட்ட வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்து சிதறிப்போன உறவுகளை அந்தச் சிம் அட்டை மறுபடி கோத்தது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராப் நடத்திய பேரணிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அதற்கான அழைப்பு குறுஞ்செய்தியாகவும் கைமாறியது. தலைவர் வீட்டு வாசலில் காத்திருக்காமலே செய்தி ஊர் ஊராகப் போய்ச் சேரும் என்பதை அந்த ஆண்டு பலரும் கண்டார்கள்.

அக்காலக் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஓடின. தமிழ் எழுத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுசென்ற முன்னோடிகளில் ஒருவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதில் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. முத்து நெடுமாறன், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1980-களிலேயே கணினிக்கு ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியவர். அவருடைய ‘செல்லினம்’ 2005 தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அன்றைய பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. அதனால் எழுதுவதற்கு மட்டுமல்லாமல், வந்த செய்தியைத் தமிழில் காட்டுவதற்கும் செயலி தானே வழி செய்ய வேண்டியிருந்தது. பின்னாளில் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் அது வந்தது. ஆப்பிள் கருவிகளில் தமிழைக் காட்டும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவில் உள்ள எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு பாட்டி இன்று பேரனுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தன் மொழியிலேயே நாலு வரி எழுதுகிறார் என்றால், அதற்குப் பின்னே இத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது.

பேரனின் தலைமுறைக்கோ, பள்ளிகள் மூடப்பட்டுப் பாடம் இணையத்துக்கு மாறிய காலத்தில் வேறு சிக்கல். 2020 ஏப்ரலில் கல்வி அமைச்சு ஏறக்குறைய ஒன்பது இலட்சம் மாணவர்கள் தொடர்பாக எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அடுக்குமாடி வீட்டில் அப்பாவின் ஒரே கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்தால், அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் பாடம். நகரத்தில் சிக்னல் இருந்தும் படிப்பு எட்டாமல் போனது இப்படித்தான்.

2021 டிசம்பர் 18. கிள்ளானை ஒட்டிய ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில், இந்தியக் குடும்பங்கள் நிறைந்து வாழும் அந்தத் தாழ்வான பகுதியில், வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. மாடியிலும் கூரையிலும் நின்றவர்கள் இருக்குமிடத்தைக் கைப்பேசியில் குறித்து அனுப்பினார்கள். எந்த வீதி, எந்த எண், கைக்குழந்தை உண்டா, நோயாளி உண்டா என்று முகம் தெரியாதவர்கள் பட்டியலிட்டார்கள். அந்தத் தகவலோடு படகு வைத்திருந்த தன்னார்வலர்கள் இறங்கினார்கள். அரசாங்க உதவி தாமதமானதென்ற கோபம் நாடெங்கும் எழுந்தது. அது நியாயமான கோபம். ஆனால் மின்சாரம் போன இருட்டில் மின்கலம் தீரத்தீர அந்த அழைப்புகளும் ஓய்ந்தன. உயிர்களையும் இழந்தோம். வெள்ளப்பகுதி வீடு ஒவ்வொன்றிலும் மின்னேற்றிய பவர்பேங்க் ஒன்று அரிசி பருப்பைப் போல இருந்தாக வேண்டும்.

கைப்பேசியால் இடைத்தரகர் போய்விட்டார் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. 2012-இல் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்று பிறந்த கிராப், பிரிக்பீல்ட்ஸ் முதியவருக்கு வாசலிலேயே வண்டி கொண்டுவருகிறது. அதை ஓட்டுகிறவருக்கு எந்தப் பயணம் கிடைக்கும், எவ்வளவு பிடித்தம் என்பதைச் செயலி முடிவு செய்கிறது. கிராணியிடமாவது நேரில் நின்று நியாயம் கேட்கலாம். உணவு விநியோக இளைஞர்கள் போராடியதும், 2025-இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்ட மசோதாவை நிறைவேற்றியதும் இந்தக் குறையிலிருந்து வந்தவைதாம்.

மோசடிக்காரர்கள் இன்னும் நெருங்கி வந்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் புலனத்தில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, வரும். நம் வீடுகளில் பத்திரிகை வந்தால் திறக்காமல் இருப்பது மரியாதையல்ல என்று நினைப்போம். அந்தப் பழக்கத்தைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். தட்டி நிறுவினால் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை, வங்கியின் ஒருமுறைக் கடவு எண் உட்பட, அது திருடும். கடவு எண் இப்படித் திருடப்படுவதால்தான் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் குறுஞ்செய்திக் கடவு எண்ணைக் கைவிடும்படி வங்கிகளைப் பணித்தது. உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். எதையும் நிறுவச் சொல்லாது.

பணம் போய்விட்டது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைப்பதில் நேரத்தை இழக்கக் கூடாது. 2022 அக்டோபரில் அமைந்த தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அழைப்பு சீக்கிரம் போனால் வழியில் முடக்கும் வாய்ப்பு கூடும். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் இந்த எண்ணையும் அவர்களுடைய வங்கியின் அவசர எண்ணையும் இன்றே பதிந்து கொடுங்கள்.