டெஸ்டர் எரியுது, வெல்டிங் மெஷின் ஏன் ஓடல?

எங்கள் அப்பா உக்கடத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக வேலை செய்கிறார். வீட்டு வேலைக்கென்று ஒரு சின்ன வெல்டிங் மெஷினும் வைத்திருக்கிறார். பட்டறையில் இருக்கும் ஆயில் மெஷின் போல இல்லை, இதை ஒரே கையில் தூக்கலாம்.

போன மாதம் எங்கள் மாடு கன்னு போட்டது. ராத்திரியில் தெருநாய்கள் வருவதால் கட்டுத்தரைக்கு ஒரு கேட் செய்யலாம் என்று அப்பா உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஆங்கிள் வாங்கி வந்தார். பாதி வேலையில் மெஷின் நின்றுவிட்டது. விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுத்தவில்லை.

அப்பா எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரிந்தது. "கரண்டு வருதே! அப்ப மெஷின்தான் போச்சு" என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் அண்ணன் "நான் கழட்டிப் பாக்கறனுங்கப்பா" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூவைக் கழட்ட ஆரம்பித்தான். நாலு ஸ்க்ரூ கழட்டியதும் அம்மா போட்ட சத்தத்தில் நிறுத்தினான்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவும் நானும் மெஷினைத் தூக்கிக்கொண்டு உக்கடம் பஸ் ஏறினோம். அப்பாவுக்கு அரை நாள் கூலி போச்சு. அங்கே மெஷின் சர்வீஸ் செய்யும் அண்ணன் அதைக் கழட்டவே இல்லை. கடைச் சுவரில் இருந்த பிளக்கில் சொருகி சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் சுத்தியது! அப்பா முகத்தைப் பார்க்கணுமே.

"மெஷினுக்கு ஒண்ணுமில்லீங்ணா. ஊட்டுல எதுல சொருகுனீங்க?"

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதான். டெஸ்டர் எரிஞ்சுதே?"

"டெஸ்டர் பேஸ் மட்டுந்தான் காட்டும். நியூட்ரல் இருக்குதான்னு அது சொல்லாதுங்ணா."

எனக்குப் புரியவில்லை என்றதும் அவரே விளக்கினார். மின்சாரம் பேஸ் ஒயரில் வந்து, மெஷினுக்குள் போய், நியூட்ரல் ஒயரில் திரும்பினால்தான் சுற்று முடியும். திரும்புகிற வழி அறுந்துபோனால் மெஷின் ஓடாது. ஆனால் டெஸ்டர் எரியும், ஏனென்றால் அதற்கு மிக மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். அது நம் விரல் வழியாக, உடம்பு வழியாகவே போய்விடும். அதனால் அவர் டெஸ்டரை நம்புவதில்லை. ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டி இரண்டு ஒயர் விட்ட டெஸ்ட் லேம்ப்தான் வைத்திருக்கிறார். பேஸ், நியூட்ரல் இரண்டும் இருந்தால்தான் அது எரியும்.

பிறகு "இந்த ஸ்க்ரூவெல்லாம் யாரு கழட்டுனது?" என்று கேட்டார். அண்ணன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேஜையில் வேறொரு மெஷின் திறந்து கிடந்தது. சற்று முன்தான் அதை ஓட்டிப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். உள்ளே டம்ளர் போல உருண்டையாகக் கெப்பாசிட்டர்கள். அதன் இரண்டு முனையிலும் டெஸ்ட் லேம்ப் ஒயரை வைத்தார். பல்பு பளிச்சென்று மின்னி மெல்ல அணைந்தது. பிளக் சொருகாமலே! வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை இந்த மெஷின் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, சுமார் 325 வோல்ட்டாக இதில் சேர்த்து வைக்குமாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அது தங்கியிருக்கும். "இந்தப் பல்புக்குப் பதிலா உங்கண்ணன் கை இருந்திருந்தா?" என்றார். எனக்கு வயிறு கலங்கிப்போச்சு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார். சுவர் பிளக்கில் எரிந்தது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எரியவில்லை. மெயினை ஆஃப் செய்து பாக்ஸைக் கழட்டினார். நியூட்ரல் ஸ்க்ரூ லூசாகி, ஒயர் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது.

லூசாக இருந்தால் ஏன் கருகணும்? நம் அறிவியல் பாடத்து ஓம் விதியை வைத்து நானே கணக்குப் போட்டேன். மெஷின் 15 ஆம்பியர் இழுக்கிறது, லூசான இடத்தில் மின்தடை வெறும் 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 15 × 15 × 0.2 = 45 வாட். ரேடியோ கடையில் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் அளவு சூடு, ஒரு சின்ன ஸ்க்ரூவில்! உருகாமல் என்ன செய்யும்?

ஒயர் மெல்லிசாக, நீளமாக இருந்தாலும் தொல்லைதான். மொத்தம் 1 ஓம் இருந்தால் அதிலேயே 15 வோல்ட் குறைந்துவிடும். சாயங்காலம் எங்கள் ஊரில் வோல்டேஜ் ஏற்கெனவே கம்மி. அதனால் அப்பா இப்போது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் புதுப் பாக்ஸும் வாங்கிவிட்டார். வேலை செய்யும்போது ஒயரைச் சுருட்டி வைக்காமல் பிரித்துப் போடுகிறார். சுருட்டினால் சூடு வெளியே போகாது.

இன்னொன்று. ஃபேன் ஓடி, மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் அது ரிப்பேர் இல்லை. மெஷின் சூடாகியிருக்கிறது. ஆஃப் செய்யாமல் ஃபேனை ஓடவிட்டால் ஆறினதும் தானாக வேலை செய்யும்.

கேட் போட்டாச்சு. அண்ணன் கழட்டினதில் ஒரு ஸ்க்ரூ மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, கன்னுக்குட்டி தின்றிருக்குமோ என்று அம்மா தினமும் சாணியைப் பார்க்கிறார்.