வேர்முடிச்சும் வாசல் நாயும்

புளியங்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் உளுந்து போட்டாராம். ரைசோபியம் பாக்கெட்டை ஆறிய கஞ்சியில் கலந்து விதைநேர்த்தியும் செய்தாராம். "செய்ததற்கும் செய்யாததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பாக்கெட் டூப்ளிகேட்டா?"

இருக்கலாம். ஆனால் சந்தேகப்பட வேண்டிய இன்னொரு ஆளும் மண்ணுக்குள் உண்டு.

வேர்முடிச்சில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சோறாக்கித் தரும் பாக்டீரியாதான் ரைசோபியம். அதையும் வைரஸ் தாக்கும். அந்த வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். 1930களில் பிரான்சில் குதிரைமசால் வயல்கள் சோர்ந்துபோனபோது டெமொலோன், டுனே என்ற இருவர் ஃபேஜ் மேல்தான் பழி போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடித்தது கொல்லாத ஃபேஜ். அது பாக்டீரியாவின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு சும்மா படுத்திருக்கும். எங்கள் வீட்டு வாசலில் ஒரு தெருநாய் இப்படித்தான் குடியேறியது. நாங்கள் கூப்பிடவில்லை, ஆனால் வேறு நாயைப் படியேற விடாது. உள்ளே படுத்த ஃபேஜும் தன் இனத்து ஃபேஜ் மறுபடி நுழையாமல் தடுத்துவிடும். எப்போதாவது ஒன்றிரண்டு பாக்டீரியாவில் விழித்து, உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஊர் ரைசோபியத்துக்கு அதனால் பெரிய சேதமில்லை. பாக்கெட்டிலிருந்து இறங்கிய புது ஆளுக்கோ அந்தக் காப்பு கிடையாது, மாட்டிக்கொள்வான். ஆய்வகத்தில் இரண்டு வகைகளைக் கலந்து வளர்த்தபோது ஃபேஜ் வைத்திருந்த கூட்டம் மற்றதை முந்தியதைப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போட வேண்டாம். உயிருள்ள சரக்கைத் தகரக் கூரைக் கடையில் வேக வைக்கிறோம். பூஞ்சைக்கொல்லி போட்ட கையோடு அதே விதையில் ரைசோபியத்தையும் பூசுகிறோம். யூரியாவை அள்ளிக் கொட்டுகிறோம். உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைக்கும் செடி முடிச்சு கட்ட ஏன் மெனக்கெட வேண்டும்?

அடுத்த முறை நான்கு வரிசையை நேர்த்தி செய்யாமல் விடுங்கள். முப்பதாம் நாள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கீறுங்கள். கறி கழுவிய தண்ணீர் நிறம் தெரிந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தச் சிவப்புக்கு ஒன்றுவிட்ட தம்பியான லெக்ஹீமோகுளோபின் அது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் குடியிருப்பவர்கள் சும்மா தின்கிறார்கள்.

நேர்த்தி செய்யாத செடியிலும் அதே சிவப்பு நிறைய இருந்தால், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் மண்ணில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.