ஏறிய மருந்து எந்த வழியாக இறங்குகிறது?

ஸ்கான் எடுக்கும்போது படம் தெளிவாக விழுவதற்காகக் கையில் ஒரு மருந்தை ஏற்றுகிறார்கள். உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவுகிறது. "உள்ளே போனது வெளியே வருமா?" என்று வீடு திரும்பியபின் கவலைப்படுகிறீர்கள், இல்லையா?

வந்துவிடும். ஸி.டி. ஸ்கானுக்கு ஏற்றும் அயோடின் மருந்தைச் சிறுநீரகங்கள் வடிகட்டிச் சிறுநீரில் தள்ளிவிடுகின்றன. அவை நன்றாயிருந்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதி போய்விடும். ஒரு நாளைக்குள் அநேகமாக முழுவதும். நிறம் மாறவில்லையே என்று பார்க்காதீர்கள். மருந்துக்கே நிறம் கிடையாது!

வேறு சில மருந்துகளுக்குக் கல்லீரல்தான் வாசல். பித்தநீரில் கலந்து குடல் வழியாகப் போகும். 1924-ல் அமெரிக்க டாக்டர்கள் கிரஹாமும் கோலும் இதையே உபயோகித்துக் கொண்டார்கள். அப்படிப் போகிற மருந்து வழியில் பித்தப்பையில் சேரும் அல்லவா? அந்தச் சமயம் பார்த்து எக்ஸ்-ரே எடுத்தார்கள். அதுவரை பிடிபடாத பித்தப்பை படத்தில் விழுந்தது!

போகவே மறுத்த மருந்தும் ஒன்று உண்டு. 1930-களில் பிரபலமாயிருந்த தோரோட்ராஸ்ட். படம் என்னவோ பிரமாதம். ஆனால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஆயுள் முழுவதும் தங்கிக் கதிர் வீசி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கிற்று. அதைக் கைவிட்டு வெகு காலமாகிறது.

இன்றைய அயோடின் மருந்து அப்படித் தங்குவதில்லை. என்றாலும் சிறுநீரகம் சோர்ந்திருந்தால் வெளியேறத் தாமதமாகும். ஆகவே ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.