ஒரே காருக்கு இரண்டு கணக்கு

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய ஆலையிலிருந்து 1998-இல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் வெளிவரத் தொடங்கின. லான்சரின் காலம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. 2017-இல் பிரான்சின் பெஜோ சிட்ரோன் குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து அந்த ஆலைக்குப் புது வேலை கொடுத்தது. 2022 ஜூலையில் சிட்ரோன் சி3 பெட்ரோல் கார் சந்தைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் அதே உடலோடு ஈ-சி3 என்ற மின்சாரக் கார் வந்தது. மறு ஆண்டே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஈ-சி3 கார்கள் இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின.

மின்சாரக் கார் லாபமா, பெட்ரோல் கார் லாபமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஜோடி பெரிய உதவி. பொதுவாக இந்தப் பேச்சில் சின்ன பெட்ரோல் காரையும் பெரிய மின்சாரக் காரையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு அங்கேயே கெட்டுவிடுகிறது. இங்கே கதவு, கண்ணாடி, இருக்கை எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் 1.2 லிட்டர் எஞ்சின். மற்றதில் 57 குதிரைத்திறன் மோட்டாரும் 29.2 கிலோவாட் மணி பேட்டரியும்.

முதலில் சர்வீஸ். பெட்ரோல் வண்டி என்றால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கு ஒருமுறையோ எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றியாக வேண்டும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட் என்று வரிசையாக வரும். கும்மிடிப்பூண்டி போகும் ஜி.என்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று ஓட்டுபவருக்கு கிளட்ச் பிளேட் சீக்கிரமே தேயும். மின்சாரக் காரில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. ஏ.சி. ஃபில்டர், பிரேக் ஆயில், வைப்பர், டயர், சிறிய 12 வோல்ட் பேட்டரி ஆகியவைதான் மாற்ற வேண்டியவை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த விசையை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்புவதால் பிரேக் பேடும் நெடுநாள் வரும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, பராமரிப்புக்கு பெட்ரோல் காருக்கு மைலுக்கு 10.1 சென்ட், மின்சாரக் காருக்கு 6.1 சென்ட். ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம்.

டயரில் மட்டும் கணக்கு திரும்புகிறது. பேட்டரியால் ஈ-சி3 தன் பெட்ரோல் அண்ணனைவிட ஏறத்தாழ 300 கிலோ கூடுதல் கனம். மோட்டார் முழு இழுவிசையையும் எடுத்த எடுப்பிலேயே கொடுக்கும். சிக்னலில் துள்ளிக் கிளம்பும் பழக்கமுள்ளவர் டயருக்கு அதிகம் செலவழிப்பார். மிஷெலினின் பெரிய டயர் ஆலையே கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. அதற்காக உள்ளூர்க் கடையில் டயர் சலுகை விலைக்குக் கிடைத்துவிடப் போவதில்லை.

ஆனால் சர்வீஸில் மிஞ்சுவது சில்லறைதான். உண்மையான வித்தியாசம் எரிபொருளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை அளப்பதற்கு ஈ.பி. அட்டையை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதவரம் பக்கம் குடியிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக 40, வர 40. மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். பெட்ரோல் சி3 நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 133 லிட்டர் ஆகும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் சுமார் 13,450 ரூபாய். ஈ-சி3-க்கு ஒரு சார்ஜில் 320 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூடச் சான்று, சாலையில் ஏ.சி. போட்டு ஓட்டும்போது 200 கிலோமீட்டரை நம்பலாம். சார்ஜரில் சூடாகி வீணாவதையும் சேர்த்தால், மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர். மின்சார பில் வரும் இரண்டு மாதத்துக்கு 615 யூனிட்.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ‘யூனிட் நாலே முக்கால் ரூபாய்தானே’ என்று பெருக்கிவிடுகிறார்கள். கார் குடிக்கும் மின்சாரம் வீட்டுச் செலவுக்கு மேலே போய் உட்காருகிறது. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் செலவாகும் வீட்டில், காரின் முதல் 50 யூனிட் மட்டும் 6.45 ரூபாய்க்குக் கிடைக்கும். அடுத்த நூறு 8.55, அதற்கடுத்த இருநூறு 9.65, பிறகு இருநூறு 10.70. மிச்சம் இருக்கும் 65 யூனிட்டுக்கு 11.80. போதாததற்கு, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். எல்லாம் கூட்டினால் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 6,250 ரூபாய் ஏறும். பில்லைப் பார்த்து வீட்டில் அதிர்ச்சி அடைவார்கள். ஆனாலும் மாதத்துக்கு அது 3,125 ரூபாய்தான். பெட்ரோல் பங்கில் கொடுத்திருக்க வேண்டிய தொகையில் பத்தாயிரத்துக்கு மேல் கையில் நிற்கிறது.

வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாமல் வழியில் உள்ள வேக சார்ஜரையே நம்பினால், யூனிட் 20 ரூபாய் என்றாலே செலவு இரண்டு மடங்காகிவிடும். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் போட்ட கூடுதல் முதலை மீட்க நெடுநாள் ஆகும்.

அந்தக் கூடுதல் முதல் எவ்வளவு? அறிமுகத்தின்போது சி3-இன் தொடக்க விலை 5.71 லட்சம், ஈ-சி3-க்கு 11.50 லட்சம். மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தமிழ்நாடு அரசு சாலை வரியிலும் முழு விலக்கு அளித்தது. ஆறு லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு 13 சதவீத வரி என்றால் 78,000 ரூபாய். அதைக் கழித்தாலும் ஐந்து லட்சம் வித்தியாசம் நிற்கும். நம் மாதவரத்துக்காரர் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்து அதை ஈடுகட்ட நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஐந்து லட்சம் வங்கிக் கடனானால் வட்டியும் சேரும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள்! ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்கோ சிறுவாபுரிக்கோ போய்வருவதற்காக மின்சாரக் கார் வாங்குபவர் சுற்றுச்சூழலுக்காக வாங்கலாம், ஓட்டும் சுகத்துக்காக வாங்கலாம். காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. குறைவாக ஓட்டுபவருக்கு பெட்ரோல் பக்கம் இன்னும் சாய்ந்துவிட்டது.

பிறகு பேட்டரி. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். திருத்தணி கோடையில் மாநிலத்தின் வெப்பப் பட்டியலில் அடிக்கடி முன்னே நிற்கும் ஊர். திருவள்ளூர் மாவட்டத்தில் வெயில் ஒரு செலவு. ஈ-சி3-இல் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும், நீண்டநாள் உழைக்கும். ஆனால் இதைக் குளிர்விக்கக் காற்று மட்டுமே. விலை கூடிய கார்களில் உள்ள திரவக் குளிரூட்டல் இல்லை. உச்சி வெயிலில் ஓட்டிவந்து, சூடு தணியும் முன் வேக சார்ஜரில் செருகுவதைத் தினசரி வழக்கமாக்கிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

நிறுவனம் பேட்டரிக்கு ஏழு ஆண்டு அல்லது 1,40,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. ஆண்டுக்கு 24,000 ஓட்டுபவருக்கு அது ஏழு ஆண்டு வராது. ஆறாவது ஆண்டு முடிவதற்குள் கிலோமீட்டர் தீர்ந்துவிடும். போட்ட முதல் திரும்பி வர நான்கு ஆண்டுகள் போக, உத்தரவாத நிழலில் லாபம் பார்க்க இரண்டு ஆண்டுகூட முழுதாக இல்லை. வாங்குவதற்கு முன் ஷோரூமில் உட்கார்ந்து இதை எழுதிப் பார்த்துவிட வேண்டும். ஆறுதலான செய்தி: புளூம்பர்க் ஆய்வுப் பிரிவின் கணக்கில் 2024-இல் லித்தியம் பேட்டரியின் உலகச் சராசரி விலை கிலோவாட் மணிக்கு 115 டாலர். 2010-இல் அது ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது.

மூன்றாம் நபர் காப்பீட்டில் பெரிய வேறுபாடு இல்லை. 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் பெட்ரோல் சி3 வகைக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஈ-சி3 வகைக்கு 2,904. இந்த மாவட்டத்தில் அதைவிட முக்கியமானது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வடசென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் நீரில் நின்றன. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசி கைவிரித்துவிடும். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். மின்சாரக் காருக்கும் அதேபோல பேட்டரி பாதுகாப்பு உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கு மிக நன்றாகப் பொருந்துவது கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டும் டிராவல்ஸ்காரர்களுக்கு. தினமும் அதே வழி, அதே நேரம், மாதம் மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து கொண்ட மின்சார வாடகை வண்டிகளுக்கு பெர்மிட்டும் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-இலேயே அறிவித்துவிட்டது. இவர்களுக்குத் தடையாக இருப்பது சார்ஜ் போடும் இடம்தான். கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் வாடகை வீட்டில் இருக்கும் ஓட்டுநரோ சூப்பர்வைசரோ, வீட்டுக்காரரின் சப்-மீட்டரில் காரைச் செருக முடியாது. மாடி வீட்டிலிருந்து ஒயர் தொங்கவிடுவது ஆபத்து.

சிப்காட் ஆலைகளின் பார்க்கிங்கில் இந்த வேலையை முடித்துவிடலாம். ஈ-சி3-க்கு வேக சார்ஜர் தேவையில்லை. முறையாக எர்த் கொடுத்த ஒரு 15 ஆம்பியர் பிளக் போதும். அதில் மணிக்கு 3.3 யூனிட் ஏறும். எட்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது வண்டியில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம் இருக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மாதவரத்துக்கு இரண்டு முறை போய்வர அது போதும்.