வரைபடக் கணக்கு: மூன்று புள்ளி, ஒரு நேர்கோடு

பத்தாம் வகுப்பு கணிதப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும் என்று தவிக்கும் பிள்ளைக்கு இது பெரிய கைகொடுப்பு. இதற்கான அடித்தளம் ஒன்பதாம் வகுப்பில் வரும் நேரிய சமன்பாட்டின் வரைபடம். அதை வீட்டிலேயே பழக்கலாம்.

உண்டியலில் ஏற்கெனவே 10 ரூபாய் இருக்கிறது. பிள்ளை தினமும் 5 ரூபாய் போடுகிறது. நாட்களை எக்ஸ் என்றும், மொத்தப் பணத்தை ஒய் என்றும் வைத்தால், சமன்பாடு இது:

ஒய் = 5 எக்ஸ் + 10

1. அட்டவணை: எக்ஸுக்கு 0, 2, 4 என்று கொடுங்கள். ஒய் முறையே 10, 20, 30 என வரும்.

2. அச்சுகள்: கிராஃப் தாளில் படுக்கைக் கோடு எக்ஸ் அச்சு, நிற்கும் கோடு ஒய் அச்சு. இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 நாள், ஒய் அச்சில் 1 செ.மீ. = 5 ரூபாய். இந்த அளவுத்திட்டத்தைத் தாளின் ஓரத்தில் எழுத மறக்கக் கூடாது.

3. புள்ளிகள்: (0, 10), (2, 20), (4, 30). முதல் எண்ணுக்கு வலப்பக்கம் நகர வேண்டும். இரண்டாம் எண்ணுக்கு மேலே ஏற வேண்டும். கழித்தல் குறி இருந்தால் இடப்பக்கமும் கீழேயும்.

4. கோடு: ஸ்கேல் வைத்து மூன்றையும் இணைக்க வேண்டும்.

கோட்டை மேலே நீட்டினால் 45 ரூபாய் சேர எத்தனை நாள் என்பதையும் பார்த்தே சொல்லலாம்: 7 நாள்.

கோடு வரைய இரண்டு புள்ளியே போதும். மூன்றாவது, சரிபார்ப்பதற்கு. கணக்குப் படிக்காத உம்மாவும் வாப்பாவும் இதைச் செய்யலாம். புள்ளிகள் மீது ஸ்கேலை வையுங்கள். ஒன்று விலகி நின்றால், பெருக்கலிலோ, புள்ளி வைத்ததிலோ, அச்சில் எண்களைச் சம இடைவெளியில் எழுதாததிலோ பிழை இருக்கிறது. பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

மூன்றும் ஒரே கோட்டில் நின்றாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த எண்ணுக்கு வலப்பக்கம் போனாய், எதற்கு மேலே ஏறினாய்?" எண்களை இடம் மாற்றி வைத்தாலும் நேர்கோடு வந்துவிடும், ஆனால் விடை தவறு.

தினம் ஒரு சமன்பாடு, பதினைந்து நிமிடம். ஒரு மாதத்தில் பிள்ளைக்குக் கிராஃப் தாள் மீதிருக்கும் பயம் போய்விடும், இன்ஷா அல்லாஹ்.